பத்து ரூபாய்க் கூறு: காய்கறி, பழச் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் பகுதி மகளிர் குழுக் கூட்டத்தில் கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு எப்படியும் காய்கறி விலைக்கு வந்துவிடும். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. நான் ஊட்டச்சத்து படித்தவள் இல்லை. இருபது வருடமாகப் பை தூக்கிச் சந்தைக்குப் போகிறவள், குழுவின் கணக்கு நோட்டை எழுதுகிறவள். அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு காய், பழம் வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளை, மரவள்ளி போன்ற கிழங்குகள் இந்தக் கணக்கில் வராது. நாலு பேர் வீட்டுக்கு 1.6 கிலோ. கிலோ சராசரியாக 40 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 64 ரூபாய், மாதம் 1,920 ரூபாய்.

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு வைத்த நாள் கூலி 336 ரூபாய். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காய்க்கே போக வேண்டும். வேலை இல்லாத நாளிலும் வயிறு இருக்கிறது என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அதனால்தான் நம் வீடுகளில் சாம்பாரில் நாலு முருங்கைத் துண்டு மிதக்கிறது, அப்பளம் பொரியலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காய் பிடிக்காமல் யாரும் விடவில்லை.

இல்லாதவர்கள் வாங்கும் காய்தான் விலை கூட என்கிறீர்களே, அது எப்படி?

எல்லாவற்றுக்கும் அடி வேர் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தெரு முனையில் பத்து ரூபாய்க்கு ஒரு கூறு கத்தரிக்காய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து எடை போட்டால் 180 கிராம். அதாவது கிலோ 55 ரூபாய்க்கு மேல். அன்று காலையில் உழவர் சந்தைப் பலகையில் அதே கத்தரிக்காய் 36 ரூபாய். கூறில் இரண்டு சொத்தை வேறு.

ஒரு கிலோவாக வாங்கினால் மலிவு என்பது யாருக்குத் தெரியாது? கையில் இருப்பது முப்பது ரூபாய். அதில் தக்காளி, பச்சைமிளகாய், ஒரு காய் என்று மூன்று சாமான் வாங்க வேண்டும். மூன்றையும் கூறாகத்தான் வாங்க முடியும். கிலோவாக வாங்கினாலும் வைக்க ஃபிரிட்ஜ் கிடையாது, மூன்றாம் நாள் பாதி வாடிப்போகும். அப்போது கிலோ விலையில் கிடைத்த லாபம் குப்பைக்குப் போய்விடும்.

இதைவிடப் பெரிய சங்கதி நேரம். மலிவான காய் விடிகாலையில் கிடைக்கிறது. கூலி பொழுது சாய்ந்த பிறகு கிடைக்கிறது. காலை ஆறு மணிக்குச் சந்தை மும்முரமாக இருக்கும்போது ஒருத்தி நாலு வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கக் கிளம்பிக்கொண்டிருப்பாள். கொத்தனாருக்குக் கை ஆளாகப் போகிறவர் சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு வரும்போது சந்தைக் கதவு பூட்டியிருக்கும், மிஞ்சியிருப்பது தெரு முனைக் கடையும் தள்ளுவண்டியும்தான். விலை எவ்வளவு என்று மட்டும் பார்க்கிற திட்டங்கள், அந்த விலை எத்தனை மணிக்கு, எத்தனை கிராமுக்கு என்று பார்ப்பதில்லை. எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை இதுதான், இனி வரும் பதில்களிலும் இதையே சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தள்ளுவண்டிக்காரர் நம்மை ஏமாற்றுகிறாரா?

ஒரு சிலர் தராசில் கை வைப்பார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 55 ரூபாய் முழுவதும் அவர் மடியில் போய்ச் சேருவதில்லை.

நிறையப் பேருக்குக் கையில் முதல் இல்லை. விடியும் முன் வட்டிக்காரரிடம் 900 வாங்கி, இரவு 1,000 ஆகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கிலோ 36க்குச் சரக்கு எடுத்தால் அதில் 4 ரூபாய் வட்டியாகவே ஏறிவிடுகிறது, ஒரே நாளில். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, வட்டியும் இருக்கிறது.

அடுத்தது சேதம். ‘நாட்டில் விளைகிற காயில் பாதி அழுகிப் போகிறது’ என்று மேடையில் பேசுவார்கள், அவ்வளவு இல்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் உள்ள அறுவடைக்குப் பிந்தைய நுட்ப நிறுவனம் 2015-ல் வெளியிட்ட கணக்கில், காய், பழச் சேதம் பயிருக்குத் தகுந்தபடி 4.58 விழுக்காட்டிலிருந்து 15.88 விழுக்காடு வரை. அதிகம் வீணாவது கொய்யா. ஆனால் வெயிலில் நிற்கிற வண்டியில் அன்றைக்கு விற்காதது மறுநாள் பாதி விலைதான். அந்த நட்டத்தையும் முன்கூட்டியே விலையில் வைத்துத்தான் அவர் விற்க முடியும்.

உங்கள் தெருவுக்கு வருகிறவரிடம் நகர விற்பனைக் குழு கொடுத்த வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2020-ல் தொடங்கிய சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுக் கடன் திட்டத்தில் அந்த அட்டையைக் காட்டியவர்களுக்கு முதல் தவணையாகப் பிணை இல்லாமல் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் பூ, கீரை விற்கும் ஒரு அக்கா அதை வாங்கிய பிறகு காலை வட்டியை நிறுத்தினார். கட்டின் பருமன் கொஞ்சம் கூடியது என்று எனக்குத் தோன்றுகிறது. அவரைக் கேட்டால் ‘எப்பவும் இதே கட்டுதாம்மா’ என்பார்.

உழவர் சந்தையில் ஏன் விலை குறைவு?

நடுவில் ஆள் இல்லை. விளைவித்தவரே கொண்டுவந்து விற்கிறார். 1987-ல் பஞ்சாபில் ‘அப்னி மண்டி’ என்று தொடங்கினார்கள். 1999 ஜனவரியில் ஆந்திராவில் ‘ரைத்து பஜார்’ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14-ல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது, அதுவும் எங்கள் மதுரை அண்ணா நகரில்தான். ஆட்சி மாறியபோது சில காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. இன்று மாநிலம் முழுக்க 180-க்கு மேல் இருக்கின்றன.

நடைமுறை இப்படி: விவசாயியின் நிலத்தையும் பயிரையும் அலுவலர்கள் நேரில் பார்த்துப் படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுப்பார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், மூட்டையை அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லாமல் ஏற்றி வரலாம். விலையை ஆளாளுக்கு வைக்க முடியாது. விடிகாலையில் மொத்தச் சந்தை நிலவரத்தை விசாரித்து, விவசாயிகளையும் வைத்துக்கொண்டு, மொத்த விலைக்கு மேல் சுமார் 20 விழுக்காடு, வெளியில் விற்கும் சில்லறை விலைக்குக் கீழ் சுமார் 15 விழுக்காடு என்கிற கணக்கில் விலையைக் கட்டிப் பலகையில் எழுதிவிடுவார்கள். கமிஷன் கடைக்குப் போயிருந்தால் கிடைப்பதைவிட விவசாயிக்குக் கூட, கடையில் வாங்குவதைவிட நமக்குக் குறைவு.

எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் நல்லது போய் முற்றல்தான் கிடக்கும். ஆனால் கடைசி அரை மணி நேரத்தில் மூட்டையைத் திருப்பிக்கொண்டு போக மனமில்லாமல் கீரையை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் அந்த நேரமும் நல்ல நேரம்தான்.

பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசே அந்த மிச்சத்தைத் தின்றுவிடாதா?

முன்பு அப்படித்தான் இருந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதைப் பயணச் சலுகை என்றே எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கு நோட்டில் இது காய்கறிச் சலுகை. போக வர இருபது ரூபாய் டிக்கெட் என்றால், பத்துப் பதினைந்து ரூபாய் மிச்சத்துக்காக யார் சந்தைக்குப் போவார்கள்? டிக்கெட் போனதும் எங்கள் குழுவில் ஏழு பேர் வாரம் இரண்டு முறை சந்தைக்குப் போக ஆரம்பித்தார்கள். நிற்க இடமில்லாத பஸ்ஸில் பையைத் தூக்கி வரும்போது நடத்துநர் முகம் சுளிப்பார். சுளித்துவிட்டுப் போகட்டும்.

உழவர் சந்தையிலும் வியாபாரிகள் உட்கார்ந்திருக்கிறார்களே?

இருக்கிறார்கள். ஊட்டி கேரட்டையும் கர்நாடகத்து மாலூர் தக்காளியையும் சமவெளி விவசாயி எப்படி விளைவித்திருப்பார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். சில சந்தைகளில் மலைக்காய்க்கென்று தனியாக இடம் ஒதுக்கியிருப்பார்கள், அது வேறு. சந்தேகம் இருந்தால் அட்டையைக் காட்டச் சொல்லலாம், நிர்வாக அலுவலரிடம் சொல்லலாம். சாமானைப் பார்த்தும் சொல்லிவிடலாம்: பெரிதும் சிறிதுமாக, கொஞ்சம் மண் ஒட்டி, மூன்று நாலு வகை மட்டும் வைத்திருப்பவர் பெரும்பாலும் விவசாயிதான்.

தக்காளி விலை ஏறினால் விவசாயிக்கு லாபம் தானே? நாம் ஏன் குறை சொல்ல வேண்டும்?

ஏறுகிற விலை அவரிடம் முழுதாகப் போய்ச் சேர்ந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். 2024-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுத்தாள்களில், நாம் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயிலும் தக்காளி விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு, வெங்காயத்துக்கு 36 காசு, உருளைக்கிழங்குக்கு 37 காசு என்று கணக்குக் காட்டினார்கள். மீதி லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், சேதம், சில்லறை லாபம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது நினைவிருக்கும். வெயிலும் நோயும் சேர்ந்து வரத்து குறைந்துபோனது. அதற்குச் சில மாதம் முன்பு விலை இல்லாமல் கொட்டிவிட்டுப் போன விவசாயிகள் அடுத்த நடவைக் குறைத்திருந்தார்கள். இன்று ரோட்டில் கொட்டினால் இன்னும் மூன்று மாதத்தில் நூறு ரூபாய் என்று பழைய வியாபாரிகள் சொல்வது சும்மா இல்லை. விலை அடிமட்டத்துக்குப் போனால் நாம் கொண்டாட வேண்டியதில்லை, தொக்குக் கிளறி வைத்துக்கொள்ளலாம்.

அரிசி மாதிரி காயையும் ரேஷனில் போட்டால் என்ன?

அரிசி அட்டைக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வயிறு நிறைய இவ்வளவு செய்த ஊரில் காய்க்கு மட்டும் ஒன்றும் இல்லையே என்று கேட்பது நியாயம்தான்.

சிக்கல், அரிசி மூட்டை மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கும், வெண்டைக்காய் இரண்டு நாள்கூடக் கிடக்காது. மாதம் ஒரு முறை அளக்கிற ஏற்பாடு காய்க்கு ஒத்துவராது. ஆனால் முடியவே முடியாது என்றும் இல்லை. 2013-ல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது கூட்டுறவுத் துறை ‘பண்ணை பசுமை’ காய்கறிக் கடைகளைச் சென்னையில் திறந்தது. 2023 ஜூலையில் அந்தக் கடைகளிலும், சென்னையில் 82 ரேஷன் கடைகளிலும் தக்காளியைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள், வெளியில் அதைப்போல இரண்டு மடங்கு விற்றபோது. ஆளுக்கு ஒரு கிலோ, வரிசையில் நிற்க வேண்டும். நெருக்கடிக்கு அது போதும். தினசரிக்கு, சரக்கு எடுக்க, எடுத்ததை விற்க, விற்காததைக் கழிக்க என்று ஒரு வியாபாரியின் மூளையோடு கடை நடத்த வேண்டும், சம்பளக்காரர் மூளை அதற்குப் போதாது. மகளிர் குழுக்களிடம் விட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். குழுக்காரி அப்படித்தான் சொல்வாள் என்று நீங்கள் சிரிக்கலாம்.

எந்த மாதத்தில் எது மலிவு?

விதைப்புப் பட்டத்தையும் பஞ்சாங்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, சமையல்காரர்கள் மூட்டை மூட்டையாக எடுக்க மாட்டார்கள், காய் இறங்கும். ஆவணியில் முகூர்த்தம் வந்ததும் ஏறும். புரட்டாசியில் ஊரே கறி, மீனை விட்டுவிட்டுக் காய்க்கு மாறுவதால் நமக்குத்தான் திண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தக்காளியும் கீரையும் அழுகி விலை தலைக்கு மேல் போகும். அந்த இரண்டு மாதம் பூசணி, பரங்கி, சேனை, வாழைக்காய், வாழைத்தண்டு என்று மழைக்கு அசராத காய்களை நம்புங்கள். மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை நமக்கு நல்ல காலம்: அவரை, மொச்சை, முள்ளங்கி, கோஸ், காலிஃபிளவர், கேரட் எல்லாம் இறங்கி வரும், பொங்கல் வாரத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வெள்ளரி, மாங்காய், பலாக்காய்.

இன்னொன்று. பீன்ஸ், கேரட் போன்ற இங்கிலீஷ் காய்களைவிடச் சுரை, பீர்க்கு, புடலை, சீனியவரை போன்ற நாட்டுக்காய்கள் எப்போதும் ஒரு படி குறைவு. (சீனியவரை என்றால் சென்னைக்காரர்களுக்குப் புரியாது, கொத்தவரங்காய்.) விருந்தாளிக்கு பீன்ஸ் பொரியல்தான் மரியாதை என்று எப்போது யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

நாலைந்து வீடு சேர்ந்து மொத்த விலைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். நாங்கள் எட்டு வீடு சேர்ந்து செய்து பார்த்தோம். முதல் மாதத்திலேயே சண்டை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாரம் ஒரு நாள் இரண்டு பேர் விடியும் முன் மொத்தச் சந்தைக்குப் போனார்கள். தக்காளி ஒரு பெட்டி, பல்லாரி (பெரிய வெங்காயம்) அரை மூட்டை, கத்தரிக்காய் ஒரு சிப்பம். பெட்டியின் மேல் வரிசை கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் நசுங்கியது கிடக்கும். பிரிக்கும்போது யாருக்கு அடிப்பெட்டிச் சரக்கு என்பதில்தான் சண்டை. பிரித்தவளுக்கு நல்லதெல்லாம் போகிறது என்று ஒரு பேச்சு, பிரித்தவள் அழுதுவிட்டாள். பிறகு எங்களில் மூத்தவர் ஒருவர் வழி சொன்னார்: எட்டுக் கூறு போடு, சீட்டுக் குலுக்கு, பிரித்தவளுக்குக் கடைசிச் சீட்டு. அன்றிலிருந்து கூறுகள் தாமாகச் சமமாகிவிட்டன. நசுங்கியதை மட்டும் தனியே ஒதுக்கி, அன்றைக்கே தக்காளிக் குழம்பு வைக்கிற வீட்டுக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

குட்டியானை வண்டிக்கு வாடகை கொடுத்தால் மிச்சம் எல்லாம் போய்விடும், அதனால் அதே சந்தையிலிருந்து எங்கள் பக்கம் வருகிற ஆட்டோக்காரரிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டோம். மொத்தத்தில் வாங்க வேண்டியது வெங்காயம், உருளை, பூசணி, சேனை, ஓரளவு தக்காளி. கீரை, வெண்டை, கொத்தமல்லியை ஒருபோதும் மொத்தத்தில் வாங்காதீர்கள்; பிரித்து முடிப்பதற்குள் வாடிவிடும்.

பணம்தான் முதல் தடை. சனிக்கிழமை கூலி வருகிறவர்கள், மாதச் சம்பளக்காரர்கள் இரு தரப்பும் குழுவில் இருந்தார்கள். குழுச் சேமிப்பிலிருந்து 2,000 ரூபாயைச் சுழல் பணமாக ஒதுக்கினோம். சாமானை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காசு தரலாம். தராதவர் அடுத்த வாரக் கூறில் இல்லை, இதில் உறவு, முறை எதுவும் பார்க்க மாட்டோம். கூலியும் சந்தையும் வெவ்வேறு நேரத்தில் வருகிற சிக்கலை நாங்கள் அவிழ்த்தது இந்த 2,000 ரூபாயால்தான்.

ஃபிரிட்ஜ் இல்லாமல் எப்படிக் காப்பது?

பெரிய மண்சட்டி ஒன்று, அதற்குள் அடங்குகிற சின்னச் சட்டி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஆற்று மணலைப் போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். மேலே ஈரச் சாக்கு. காற்று வருகிற இடத்தில் வைத்தால் கேரட், கத்தரிக்காய் நாலைந்து நாள் தாங்கும். மழைக்காலத்தில் இது வேலை செய்யாது, காற்றிலேயே ஈரம் இருப்பதால் சட்டி குளிராது.

கொத்தமல்லியை வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். தக்காளியைக் காம்பு கீழே இருக்கும்படி பரப்புங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை சீக்கிரம் முளைக்கும். பங்குனி வெயிலில் வற்றல் போடுவது நம் பாட்டிமார் ஃபிரிட்ஜ்; சுண்டை, மணத்தக்காளி, சீனியவரை, வெண்டை எல்லாம் ஆகும். ஆனால் வைட்டமின் சி பெரும்பாலும் வெயிலில் போய்விடும்.

பழம் வாங்கவே முடியவில்லை. ஆப்பிள் கிலோ 200 ரூபாய்!

ஆப்பிளை விடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப் பழகி, அதுதான் சத்தான பழம் என்று மனதில் பதிந்துவிட்டது. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, ஆப்பிளில் ஐந்தைத் தொட்டாலே அதிகம். கொய்யா, பப்பாளி, பூவன் பழம், பருவத்தில் நாவலும் கொடுக்காப்புளியும் நெல்லியும் நம் கைக்கு எட்டும். பூவனில் நல்ல சீப்பாகப் பார்த்து வாங்காமல் தாரின் அடிச் சீப்பு, உதிர்ந்த பழம் என்று கேட்டால் குறைத்துத் தருவார்கள். உதிர்ந்தால் ருசி போகாது. சாயங்காலம் ஐந்து ரூபாய் பாக்கெட் நொறுக்கு வாங்கித் தருகிற காசு ஒரு வாழைப்பழத்துக்குச் சரியாக இருக்கும். பிள்ளை பாக்கெட்டைத்தான் கேட்கும். என் வீட்டிலும் அதைத்தான் கேட்டது.

கீரை போதுமா?

2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில், 15 முதல் 49 வயதுக்குள், 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் 57.4 விழுக்காடு. கீரை ஒன்றே இதை மாற்றிவிடாது, மாத்திரை கொடுத்தால் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற காய்களில் காசுக்கு அதிகம் தருவது கீரைதான்.

முருங்கைக்கீரை பெரும்பாலும் காசே இல்லை, யார் வீட்டு வாசலிலாவது நிற்கும். ஒரு போத்து (கிளைத் துண்டு) கேட்டு வாங்கி ஊன்றினால் வந்துவிடும். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி என்று மாற்றி மாற்றி வாங்குங்கள். கழுவிய பிறகு நறுக்குங்கள், வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஒரு கரண்டி எண்ணெயாவது விடுங்கள், சாப்பிடும்போது எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி இரும்புச்சத்தை உடம்பில் பிடிக்க வைக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதற்கு நேர் எதிர். முள்ளங்கி, பீட்ரூட் வாங்கும்போது இலையைக் கிள்ளி எறிய விடாதீர்கள், அதுவும் கீரைதான், அதற்கு நீங்கள் காசு கொடுத்தாகிவிட்டது.

மாடித்தோட்டம் போடலாமே?

சொந்த மாடி இருந்தால் போடலாம். ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்து, தண்ணீர்க் குடத்தை எண்ணிப் பிடிக்கிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு உடைந்த வாளியில் புதினா, பச்சைமிளகாய், இன்னொன்றில் வெந்தயக்கீரை. அதற்கு மேல் வராது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் விதையும் பையும் தரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுவதைக் கணக்கில் எடுக்கலாமா?

கட்டாயம். மதியச் சத்துணவு 1982-லிருந்து நடக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறிச் சாம்பாரும் தருகிறார்கள். சாம்பாரில் காய் தேட வேண்டியிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்தான் அதிகம்.

போன் ஆப்பில் சில காய் ரொம்ப மலிவாக வருகிறதே?

இரண்டு சாமானை மலிவாகக் காட்டி உள்ளே இழுப்பார்கள். கொண்டுவரும் கூலி, குறைந்தபட்சம் இவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்கிற நிபந்தனை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் மலிவாக இருந்தால் வாங்குங்கள், அதில் ஒரு பாவமும் இல்லை.

எடை குறைந்தால் யாரிடம் சொல்வது?

தராசில் கெடு முடியாத அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உழவர் சந்தையில் நிர்வாக அலுவலகம் உள்ளேயே இருக்கும். வெளியில் என்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர், அல்லது நுகர்வோர் உதவி எண் 1915.

அரசிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால்?

உழவர் சந்தையைச் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை காய்கறிக்குத் திறக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சந்தையில் மாலை நேரத்தில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சிறுதானியம், பருப்பு விற்கலாம் என்று முன்பே அறிவித்தார்கள், நல்லதுதான். ஆனால் கூலி வாங்கிக்கொண்டு வருகிறவளுக்கு அன்றைக்குத் தேவை வரகும் சாமையும் இல்லை, தக்காளி.

விவசாயி காலையிலேயே திரும்பிப் போய்விடுவாரே என்று கேட்பார்கள். போகட்டும். மிச்சச் சரக்கைச் சந்தை விலைக்கு ஒரு மகளிர் குழுவிடம் விட்டுவிட்டுப் போகலாம், பலகை விலைக்கு மேல் கிலோவுக்கு மூன்று ரூபாய் வைத்துச் சாயங்காலம் அவர்கள் விற்கலாம். கால் கிலோவும் எடை போட்டுத் தர வேண்டும். கூறு கட்டக் கூடாது. கொட்டகை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, மதியத்திலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. இதை எங்கள் குழுவில் மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் எழுதுங்கள்.

உழவர் சந்தையில் கொசுறு கேட்கலாமா?

கேட்கலாம், கறிவேப்பிலை நாலு ஈர்க்கு கிடைக்கும். மழைக்காலத்தில் கொத்தமல்லியைக் கொசுறாகக் கேட்காதீர்கள், அப்போது அது அவரிடமே விலைச் சரக்கு. தள்ளுவண்டிக்காரரிடம் கேட்பதாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.